வற்றுநீர்ச் சேற்றில் தடம் படித்தல்

மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகளை ஒட்டிக் கிடக்கும் காயலில் நீர் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் கழிவதாலும், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டர் அளவே என்பதாலும், கொச்சியைச் சுற்றியுள்ள தாழ்ந்த கரைகளில் சேற்றுப் பரப்பு சில மணி நேரம் மட்டும் வெளிப்பட்டு மீண்டும் மூழ்கிவிடுகிறது. விலங்குகளின் நடத்தையை அவற்றின் தடங்களிலிருந்து கற்கும் முறை பனி மூடும் வடநாடுகளில் விரிவாக வளர்ந்தது. கடைசிப் பனிப்பொழிவு எப்போது நின்றது என்று அறிந்தவருக்கு அதன்மேல் பதிந்த தடத்தின் வயதும் தெரிந்துவிடும் என்பதே அங்கே அதற்கு அடிப்படை. பனியைக் காணாத கொச்சியில் அந்த வேலையைக் கடல் செய்கிறது. வற்றத்தின்போது மட்டுமே வெளிப்படும் சேற்றில் காணும் கால்தடம் எதுவும் பெரும்பாலும் அந்த வற்றத்துக்கு உரியது, அதாவது சில மணி நேரத்துக்கு முன் பதிந்தது.

இந்தச் சேற்றைப் படிக்கத் தொடங்குவதற்கு வைப்பீன், கடமக்குடி போன்ற இடங்களின் பொக்காளி வயல்கள் ஏற்றவை. பொக்காளி என்பது உவர்ப்பைத் தாங்கும் நெல்வகை. மழைக்காலத்தில் நெல் விளையும் அவ்வயல்களில், அறுவடைக்குப் பின் நவம்பர் முதல் ஏப்ரல் வரை தூம்பு எனப்படும் மதகின் வழியாகக் காயல்நீரை ஏற்றியும் வடித்தும் இறால் பிடிக்கின்றனர். வடக்கிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் தங்கும் பருவமும் அதுவே என்பதால், நீர் வடிந்த வயல்களின் சேறு முழுவதும் பறவைக் கால்களின் கோலமாகக் கிடக்கிறது.

அக்கோலத்தில் முதலில் பிரித்தறிய வேண்டியவை உப்புக்கொத்தியும் உள்ளானும் ஆகும். உப்புக்கொத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்விரல் இல்லாததால் முன்விரல்கள் மூன்று மட்டுமே பதிகின்றன. அத்தடங்கள் சில அடி தூரம் அகன்ற எட்டுகளாக ஓடி, ஓரிடத்தில் நெருங்கி நின்று, மீண்டும் வேறு திசையில் ஓடுகின்றன. அப்பறவை பெரிய கண்களால் இரையைத் தேடுவது. ஓடும்போது இரையின் சிற்றசைவைக் காண்பது கடினமாதலால் நின்று பார்த்து, கண்டதும் ஓடிச்சென்று கொத்துகிறது என்பதை அந்த இடைவெளிகளே சொல்லிவிடுகின்றன. உள்ளானின் தடமோ நிற்காமல் செல்வது. பின்விரலின் சிறு புள்ளியோடு, அலகை நுழைத்த துளைகளும் பக்கத்தில் வரிசையாகத் தொடர்கின்றன. அதன் அலகு நுனியில் தொடுவுணர்வு செறிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாத புழுவையும் சேற்றுக்குள் தடவியே கண்டுகொள்கிறது. ஒரே வயலில், ஒரே பசியோடு இரண்டு பறவைகள் இரண்டு புலன்களால் உலகை அறிகின்றன என்பதைத் தொலைநோக்கி இல்லாமல், பறவைகள் பறந்துபோன பின்னும் கற்க முடிவது வியப்புக்குரியது.

கண்டல் மரங்களின் அடியில், ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும் பிடில் நண்டின் வளைகளைச் சுற்றி வேறொரு பதிவு உண்டு. நண்டு சேற்றை வாயிலிட்டு, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு, எஞ்சியதைச் சிறு உருண்டைகளாக வைத்துவிட்டு நகர்கிறது. அவ்வுருண்டைகள் வளையிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் விரிகின்றன. பக்கவாட்டில் நடக்கும் இந்நண்டு, எத்தனை தூரம் சென்றாலும் உடலின் ஒரு பக்கத்தை வளையை நோக்கியே வைத்துக்கொண்டு, தான் வந்த தொலைவையும் திசையையும் உடலுக்குள்ளேயே கணக்கிட்டு வருவதால், பருந்தின் நிழல் விழுந்தவுடன் நேர்கோட்டில் வீடு திரும்புகிறது. எனவே ஆரக்காலின் நீளத்தை நண்டு தன் வளையை விட்டுப் பிரியத் துணிந்த தூரமாகவே கொள்ளலாம்.

தடத்தை இவ்வாறு நடத்தையின் பதிவாகப் படிப்பது ஒன்று. தலைக்கணக்காகப் படிப்பது மற்றொன்று. பின்லாந்தில் 1989 முதல், பக்கத்துக்கு நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள முக்கோணப் பாதையைக் கடக்கும் தடங்களைக் குளிர்காலத்தில் எண்ணி வருகின்றனர். அது தனித்தனி விலங்கை அடையாளம் காண முயலாமல், விலங்குகளின் பெருக்கத்தையும் குறைவையும் ஆண்டுதோறும் ஒப்பிட மட்டுமே பயன்படுவதால் பிழைக்கு இடம் குறைவு. இந்தியாவிலோ ஒடிசாவின் வனத்துறை அதிகாரி எஸ். ஆர். சௌத்ரி 1960-களில் வகுத்த முறைப்படி, புலியின் பாதத்தடத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் வரைந்தெடுத்து, வேறாகத் தோன்றிய ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு புலி என்று எண்ணினர். 1972-ன் கணக்கு 1,827 புலிகள். ஈரமண்ணில் விரிந்தும் காய்ந்த மண்ணில் சுருங்கியும் விழும் ஒரே பாதம் இரண்டு புலிகளாக எண்ணப்படக்கூடும் என்ற எச்சரிக்கை பல ஆண்டுகள் கேட்கப்படாமலே கிடந்தது. ராஜஸ்தானின் சரிஸ்காவில் 2004 வரை புலிகள் இருப்பதாகவே கணக்குக் காட்டப்பட்டு, 2005-ல் அங்கே ஒன்றுகூட இல்லை என்று தெரியவந்தபோதுதான் அந்த முறை கைவிடப்பட்டது. தானியங்கிப் புகைப்படங்களையும் புள்ளியியலையும் கொண்ட 2006-ன் மதிப்பீடு 1,411. குற்றம் தடத்தில் இல்லை; அதனால் சொல்ல இயலாததை அதனிடம் கேட்டதில்தான் குற்றம் இருந்தது.

தடத்திடம் சரியான கேள்வியைக் கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர், மண்ணில் வயிறு இழுபட்ட கோட்டைக்கொண்டு பாம்பு எப்பக்கம் சென்றது, எவ்வளைக்குள் புகுந்தது என்று அறிபவர்கள். அவர்களுள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டனர், 2023-ல் பத்மஸ்ரீ பெற்றனர். பழகிய மண்ணை விட்டு முற்றிலும் வேறான சதுப்பிலும் அவர்களுடைய அறிவு பயன்பட்டது என்பது, அது இடத்தை மனப்பாடம் செய்ததால் வந்ததன்று, பாம்பின் இயல்பை அறிந்ததால் வந்தது என்பதைக் காட்டுகிறது.

மட்டாஞ்சேரியின் பசார் சாலையில், கலைக்கூடங்களாக மாறியவை போக, இன்றும் மிளகும் சுக்கும் அரிசியும் அடுக்கப்படும் பண்டகசாலைகளுக்கு இவ்வறிவு வேறொரு வழியில் தேவைப்படுகிறது. எலிகளைக் கண்டறியச் சேமிப்பியலார் சுவரோரமாக மாவையோ டால்கம் பவுடரையோ மெல்லத் தூவி, மறுநாள் சாய்ந்த ஒளியில் பார்க்கின்றனர்: முன்காலுக்கு நான்கு விரல், பின்காலுக்கு ஐந்து, நடுவே சிலவேளை வால் இழுபட்ட கோடு. மீசையும் உடலும் சுவரைத் தொட்டபடி நடப்பதே எலிக்குப் பாதுகாப்பான நடை என்பதால் திறந்த தரையின் நடுவே தூவிய மாவு பெரும்பாலும் கலையாமல் கிடக்கும். அதே சுவரின் அடிப்பகுதியில் உடலின் எண்ணெய்ப்பசை படிந்த கருங்கறை, எலி நெடுநாள் வந்துபோகும் வழியைக் காட்டும். எலிக்காய்ச்சல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அச்சுறுத்தும் கேரளத்தில் இந்த வழிகளை அறிவது தானியத்தை மட்டும் காப்பதன்று. ஆனால் பழகிய வழியில் புதிதாகத் தோன்றும் எதையும் எலி சில நாட்கள் அஞ்சி விலக்கும், தூவிய மாவும் அதற்குப் புதியதே. ஆகவே முதல் இரவு கழிந்து மாவு கலையாமல் கிடந்தால், பண்டகசாலையில் எலி இல்லை என்று எழுதிவிடாமல் மேலும் சில இரவுகள் காத்திருந்து பார்ப்பதே முறை.