களிமண் கட்டியும் கையுறையும்

காரின் மேல் படிவது இரண்டு வகை. தண்ணீர் அடித்தால் போய்விடுகிற அழுக்கு ஒன்று. எத்தனை முறை கழுவினாலும் போகாமல் பெயிண்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வகையை எடுக்க எந்தச் சாமானை வாங்குவது என்பதெல்லாம் இந்தப் பக்கங்களில் எழுதுகிற விஷயமா என்று சிலர் கேட்கலாம். எழுத வேண்டிய விஷயம்தான். அழுக்கை எடுப்பது யார் கை என்று பிறப்பிலேயே முடிவு செய்து வைத்திருக்கிற நாட்டில், அந்தக் கை எதைக் கொண்டு எடுக்கிறது என்பதும் நம் விஷயம்தான்.

என் சித்தப்பா மகன் திண்டுக்கல் பைபாஸ் ஓரத்தில் ஒரு வாட்டர் சர்வீஸில் ஏழு வருஷம் வேலை பார்த்தான். இப்போது சொந்தமாகப் போட வேண்டும் என்று நிற்கிறான். 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில் தொடங்க 35 சதவீதம் மூலதன மானியம் உண்டு. அதற்கு விண்ணப்பிக்க கொட்டேஷன் வேண்டும். "அண்ணே, என்னென்ன சாமான் வாங்கணும்னு நீ ஒரு லிஸ்ட் எழுதிக் குடு. டப்பா மேல எல்லாம் இங்கிலீஷாவே இருக்கு. எனக்கு வேலை தெரியும், எழுத்துதான் வராது" என்றான். நான் படித்தது எம்.ஏ. தமிழ். நன்னூல் சூத்திரம் கேட்டால் சொல்வேன். இது எனக்குப் புதுப் பாடம். இரண்டு வாரம் அவனோடு உட்கார்ந்து டப்பாக்களைப் படித்தேன். அவன் சொன்ன தொழிலும் நான் படித்த எழுத்தும் சேர்ந்ததுதான் கீழே வருவது.

முதலில் நம்ம ஊர் அழுக்கு. திண்டுக்கல் ரயில்வே ஜங்ஷன். ரயில் சக்கரமும் தண்டவாளமும் பிரேக் கட்டையும் உரசிப் பறக்கிற இரும்புத் தூள், நாலுவழிச் சாலையில் லாரி பிரேக்கிலிருந்து வருகிற தூள், இதெல்லாம் காரின் மேல் உட்கார்ந்து பெயிண்டில் பதிந்துவிடும். பிறகு துரு ஏறும். வெள்ளைக் காரில் செம்மண் நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது இதுதான். ரோடு போடுகிற இடத்தில் தெறிக்கிற தார் கதவின் அடியில் ஒட்டும். வேப்ப மரத்து நிழலில் நிறுத்தினால் பிசின். கட்டடம் கட்டுகிற இடமென்றால் சிமெண்ட் தூசி. போர் தண்ணீர் உப்பாக இருந்தால், கழுவிய தண்ணீரே காய்ந்து வெள்ளை வட்டமாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே நாரைப் போட்டுத் தேய்ப்பதுதான் இங்கே வழக்கம். அதில் அழுக்கோடு பெயிண்டும் போகும். பெயிண்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு தெளிவான பூச்சு இருக்கிறது. அது பெரும்பாலும் 40, 50 மைக்ரான் கனம்தான். நம் தலைமயிரை விட மெல்லிசு. ஒருமுறை போனால் திரும்ப வளராது.

அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. காரை நன்றாகக் கழுவிவிட்டு, கையை ஒரு மெல்லிய பாலிதீன் பைக்குள் விட்டு பெயிண்டின் மேல் லேசாகத் தடவ வேண்டும். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிகிற இடம், பைக்குள் இருக்கிற விரலுக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். தோல் பெயிண்டில் ஒட்டி இழுபடாமல் வழுக்கிப் போவதால் சின்ன மேடுகூட விரலுக்குத் தெரிகிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

சாமானுக்கு வருவோம். தோய்ந்து கிடக்கிற அழுக்கை எடுப்பதற்கு க்ளே பார் என்று ஒன்று விற்கிறார்கள். களிமண் கட்டி என்று பெயர்தானே தவிர அது மண் இல்லை. பிசின் மாதிரியான பிளாஸ்டிக்கில் மிக நுண்ணிய அரத்தூளைப் பிசைந்தது. ஜப்பானிலிருந்து வந்த சரக்கு. 1990களில் உலகமெங்கும் பரவியது. கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்த்து, உள்ளங்கை அளவு தட்டி, சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தெளித்த இடத்தில் அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். வட்டம் போடக் கூடாது. மேலே நீட்டிக்கொண்டிருக்கிற அழுக்கைக் கட்டி கவ்வி எடுத்துக்கொள்ளும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து புதுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். கீழே விழுந்தால் எவ்வளவு விலையானாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். மணல் ஒட்டிய கட்டி அரம் போல அறுத்துவிடும்.

இதற்கு மாற்றாக க்ளே மிட் என்கிற கையுறை வடிவச் சாமான் உண்டு. துணியின் ஒரு பக்கத்தில் ரப்பர் மாதிரி பூச்சு. வேலை சீக்கிரம் முடியும், கீழே விழுந்தால் அலசிவிட்டுத் திரும்பப் போடலாம், பல வண்டிக்கு வரும். ஆனால் கைப்பிடி இடுக்கு, கண்ணாடி ஓரம் போன்ற சந்துகளில் நுழையாது. விரலுக்குத் தகவலும் குறைவு. இரண்டிலும் மென்மை, நடுத்தரம், கடுமை என்று தரம் உண்டு. எப்போதும் மென்மையில் தொடங்க வேண்டும். அது போதாதபோதுதான் அடுத்தது. ஒரு காருக்கு இந்த வேலை வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். முடித்ததும் மெழுகு போட வேண்டும், ஏனென்றால் பழைய மெழுகும் அழுக்கோடு போயிருக்கும்.

கட்டியைத் தொடுவதற்கு முன்னால் மருந்து. இரும்புத் தூளுக்கு ஒரு திரவம் இருக்கிறது. அடித்துச் சில நிமிஷம் விட்டால் இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறத்தில் ஒழுகும். நாற்றம் அழுகிய முட்டை மாதிரி. அந்த டப்பாவில் எழுதியிருந்த பெயர் தயோகிளைகோலேட். அதே சாதி ரசாயனம்தான் முடி எடுக்கிற க்ரீமிலும் இருக்கிறது. தாருக்குத் தனிக் கரைப்பான். மருந்து எவ்வளவு கழற்றுகிறதோ அவ்வளவு குறைவாகக் கட்டி உரசும். பெயிண்டுக்கு அதுதான் நல்லது.

முடி எடுக்கிற ரசாயனம் என்று படித்ததும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தார். திண்டுக்கல்லில் தோல் ஷாப்பு என்றால் எல்லாருக்கும் தெரியும். டி. செல்வராஜ் அந்த மக்களைப் பற்றித்தான் 'தோல்' நாவல் எழுதினார், 2012இல் அதற்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. தாத்தா அங்கே சுண்ணாம்புக் குழியில் நின்றவர். சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு ஊறிய தோலை வளைந்த கட்டையில் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் வழிப்பார்கள். முடி வழிக்க மொட்டைக் கத்தி. சதை வழிக்கக் கூர்க் கத்தி. கத்தி மாறினால் தோல் கிழிந்துவிடும், கூலியில் பிடிப்பார்கள். மேலே ஒட்டியதை எடுக்க வேண்டும், தோலில் கீறல் விழக் கூடாது. இன்றைக்குக் கார்க்காரர்கள் காசு கொடுத்துக் கேட்கிற நுணுக்கம் இதுதான். எழுத்து தெரியாத எங்கள் ஆட்களுக்கு இந்த அறிவு மூன்று தலைமுறைக்கு முன்பே கையில் இருந்தது. அதை யாரும் தொழில்நுட்பம் என்று சொல்லவில்லை. ஈனத் தொழில் என்றார்கள்.

மாட்டின் தோலில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்ட தாத்தாவின் சொந்தத் தோல் முழங்கால் வரைக்கும் வெந்திருந்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் ஆலைகள் பற்றித் தீர்ப்புச் சொன்னபோது திண்டுக்கல்லும் அதில் இருந்தது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. நல்ல தீர்ப்பு. மண்ணுக்கும் தண்ணீருக்கும் கணக்குப் பார்த்தார்கள். எங்கள் தாத்தா காலுக்கு ஒரு பைசா வந்து சேரவில்லை.

தம்பியின் கைக்கு வருகிறேன். அவன் வேலை பார்த்த இடத்தில் சக்கரம் கழுவ ஒரு கேன் இருக்கும். மேலே லேபிள் கிடையாது. 'ஆசிட்' என்று மட்டும் பெயர். சக்கரம் பளிச்சென்று ஆகிவிடும். இவனுக்கு ராத்திரியில் விரல் நுனி குடையும், நகம் கறுத்து உரியும். சக்கரம் கழுவுகிற மலிவுச் சரக்கு சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்க்கிறார்கள். அது பட்டவுடன் எரியாது. தோலுக்குள் இறங்கி, சில மணி நேரம் கழித்து வலிக்கும். எலும்பு வரைக்கும் போகக்கூடியது. அந்தக் கேனில் இருந்தது இதுதானா என்பதற்குச் சாட்சி இல்லை, ஏனென்றால் லேபிளே இல்லை. கையுறை வாங்கிக் கொடுங்கள் என்று தம்பி கேட்டிருக்கிறான். முதலாளி சொன்ன பதில்: "கையுறை போட்டா பெயிண்டோட நெளிவு சுளிவு தெரியாதுடா. உங்க ஆளுக கைக்கு என்ன ஆயிரப்போகுது? வெறுங்கைதான் தொழிலுக்கு நல்லது."

இப்போது அந்தப் பாலிதீன் பையை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய உறைக்குள் இருக்கிற விரலுக்குத்தான் வெறும் விரலை விட அதிகமாகத் தெரியும் என்பது அந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம். அதே முதலாளி வாடிக்கையாளர் முன்னால் பையை மாட்டித் தடவிக் காட்டித்தான் ஆர்டர் பிடிப்பார். வேலை கேட்கிறபோது உறை நல்லது, வேலை செய்கிறவன் கேட்டால் உறை கெட்டது. அறிவு தெரியாமல் சொல்கிற சொல் இல்லை இது. 'உங்க ஆளுக கை' என்ற மூன்று வார்த்தையில் முழுக் காரணமும் இருக்கிறது.

அங்கே துணிக்குக்கூட மரியாதை உண்டு. சக்கரம் துடைத்த துணி மேல்பாகத்தில் படக் கூடாது, அதனால் நிறம் நிறமாகத் துணி. வாளியும் இரண்டு. ஒன்றில் சோப்பு, ஒன்றில் அலசல். மணல் திரும்பப் பெயிண்டில் ஏறக் கூடாதே. இந்த இரட்டை வாளிக்குக் கண்ணால் பார்க்கிற காரணம் இருக்கிறது. நம் ஊர் டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்தார்களே, 1955லேயே தீண்டாமையைக் குற்றமாக்கிச் சட்டம் வந்த பிறகும் வைத்தார்களே, அதற்கு என்ன காரணம் காட்ட முடியும்? நாங்கள் குடித்த குவளையில் எந்த மணல் இருந்தது?

லிஸ்ட் எழுதி முடித்தோம். மென்மையான க்ளே மிட் இரண்டு, சந்துகளுக்கு மென்மையான கட்டி ஒன்று, இரும்பு மருந்து, தார் கரைப்பான், இரண்டு வாளி, மூன்று நிறத்தில் துணி. லேபிள் இல்லாத எந்தக் கேனும் கிடையாது. சக்கரத்துக்கு ஆசிட் வேண்டாம், ஷாம்பூவும் பிரஷ்ஷும் போதும் என்று தம்பியே அடித்துவிட்டான். கையுறையில் லேடெக்ஸ் வேண்டாம், தார் கரைப்பான் பட்டால் அது ஊறிப்போகும். நைட்ரைல் எடுத்தோம். மெல்லிசாக இருக்கும், விரலுக்கு எல்லாம் தெரியும்.

"இதையும் மெஷினரி கணக்குல காட்டலாமாண்ணே?" என்று கேட்டான்.

"முதல் வரியில எழுது" என்றேன்.

அவன் கடையில் நாளைக்கு வேலைக்கு வரப்போகிற இரண்டு பையன்களுக்கும் சேர்த்துப் பெட்டிக் கணக்கில் எழுதினான். மானியம் வருமா, வங்கி மேனேஜர் கையெழுத்துப் போடுவாரா என்பது இனிமேல் நடக்க வேண்டிய சண்டை. அதற்கு நாங்கள் தயாராகத்தான் இருக்கிறோம்.

நம் தோழர்களில் சிலரிடம் இன்றைக்குக் கார் இருக்கிறது. இருக்கட்டும், சந்தோஷம். வாட்டர் சர்வீஸில் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறபோது ஒருமுறை எழுந்து போய் அந்தப் பையனின் விரல்களைப் பாருங்கள். கேனில் லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சத்தம் போட்டுக் கேளுங்கள். கேட்கிற உரிமை கார் வைத்திருக்கிறவருக்கு அங்கே உடனே கிடைக்கிறது. கழுவுகிறவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை.