பிச்சாவரமா, முதலியார்குப்பமா?

குடும்பத்தோடு ஒருநாள் உல்லாசப் பயணம் என்றால், ஆண்கள் வண்டியைப் பற்றிப் பேசுவார்கள். பிள்ளைகள் தின்பண்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். பெண்கள் நாமோ வாய் திறக்காமல் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவோம். "போகிற இடத்தில் பாத்ரூம் இருக்குமா?" இருக்காது என்று தோன்றினால், காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவோம். உண்டா இல்லையா, சகோதரிகளே?

விழுப்புரத்தில் இருக்கும் என் நாத்தனாரின் மகன் வியட்நாம் போய்வந்தான். அங்கே ஹாலோங் வளைகுடாவில், கடலிலிருந்து கோபுரம் கோபுரமாக எழும்பி நிற்கும் சுண்ணாம்புக்கல் தீவுகளுக்கு நடுவே பகல் முழுதும் கப்பலில் சுற்றினானாம். படங்களைப் பார்த்ததும் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் படகு ஆசை பிடித்துக்கொண்டது.

மூன்று இடங்கள் பேச்சில் அடிபட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலியார்குப்பம், புதுச்சேரிக்குத் தெற்கே சுண்ணாம்பாறு, சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம். "சுண்ணாம்பாத்துக்கே போவோம் அண்ணி, பேர்லயாவது சுண்ணாம்பு இருக்கே!" என்று நாத்தனார் சிரித்தாள்.

அத்தை மட்டும், "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்றார்கள். எந்தப் பயணத்துக்கும் இதே பதில்தான். அன்றிரவு கால் பிடித்துவிடும்போது மெள்ளக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்.

"இருமினா, தும்மினா நனைஞ்சு போவுதும்மா. படகுல எல்லார் முன்னாடியும் மானம் போயிடுமேன்னுதான்."

"எத்தனை நாளா அத்தை?"

"கடைசிப் பிரசவத்துலேர்ந்து."

முப்பது வருஷத்துக்கு மேல்! எத்தனை கல்யாணம், எத்தனை கோயில் திருவிழாவை இந்த அம்மா இதற்காகவே விட்டிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மறுவாரமே லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். சர்க்கரையும் சிறுநீரும் பரிசோதித்துவிட்டு, டாக்டர் பொறுமையாக விளக்கினார். பிரசவங்களாலும் வயதாலும் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்துபோவதுதான் காரணமாம். சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து தளர்த்த வேண்டும். இப்படிப் பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. மூன்று மாதமாவது விடாமல் செய்தால் பலருக்குக் குணம் தெரியும் என்றார். "தண்ணீரைக் குறைக்காதீங்க. சிறுநீர் செறிஞ்சா பையை உறுத்தும், தொற்றும் வரும்" என்றும் எச்சரித்தார்.

பயணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிப்போட்டோம். பிறகு அத்தைக்கு ஏற்ற வழி எது என்று பார்த்தோம். முதலியார்குப்பம் திறந்த காயல். வெயிலுக்கு ஒதுங்க நிழல் இல்லை. சுண்ணாம்பாற்றில் படகு கடற்கரை மணலில் இறக்கிவிடும். மணலில் நடக்க அவர்கள் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. பிச்சாவரம் தூரந்தான். ஆனால் சிதம்பரம் வரை ரயிலிலேயே போகலாம், ரயிலில் கழிப்பறை உண்டு. "'இதயக்கனி' எடுத்த இடமா அது? எம்.ஜி.ஆர். படமாச்சே!" என்று அத்தையின் முகம் மலர்ந்ததும் முடிவாகிவிட்டது. அந்தப் படம் 1975-ல் வந்தது.

அங்கேயும் ஒரு தேர்வு இருந்தது. மோட்டார் படகு அகலமான நீர்வழிகளில் விரைவாகப் போகும். குறுகிய கால்வாய்களுக்குள் நுழையாது. துடுப்புப் படகு மெதுவாகப் போனாலும், மரங்கள் கவிந்த நிழலுக்குள் அழைத்துப் போகும். குலுக்கலும் இல்லை. துடுப்புப் படகையே எடுத்தோம், ஒரு மணி நேரச் சுற்று. ஏறுமுன் கழிப்பறைக்குப் போய்வந்தோம். குழந்தைகள் முதல் அத்தை வரை எல்லோருக்கும் மிதவைச் சட்டை.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே விரிந்து கிடக்கிறது இந்த அலையாத்திக் காடு. 2004 சுனாமியின்போது, பின்னாலிருந்த குப்பங்களுக்கு அலையின் வேகத்தைத் தணித்துக் கொடுத்தது இதுதான். 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. சுரபுன்னை மரத்தில் முருங்கைக்காய்போல் தொங்கியவற்றைப் படகோட்டி காட்டினார். விதை மரத்திலேயே முளைவிட்டு, நீண்டு வளர்ந்த பிறகுதான் கீழே விழுமாம்.

"தாய் மடியிலேயே முளைச்சு, அப்புறந்தான் தண்ணியில இறங்குதா!" என்று அத்தை வியந்தார்கள். சொல்லிவிட்டு, கூஜாவைத் திறந்து தண்ணீர் குடித்தார்கள். எனக்கு அந்தக் காட்சியே போதும்.

அத்தைக்கு முழுக் குணம் என்று சொல்லமாட்டேன். அன்றைக்கும் துணி வைத்துக்கொண்டுதான் வந்தார்கள்; மாற்றுப்புடவையும் என் பையில் இருந்தது. ஆனால் வந்தார்கள்! உங்கள் வீட்டிலும் "நான் வரல" என்று ஒதுங்கும் அம்மாவோ அத்தையோ இருந்தால், தனியாக உட்காரவைத்து ஒரு வார்த்தை கேளுங்கள். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், காய்ச்சல், இடுப்பு வலி என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

திரும்பும்போது ரயிலில் நாத்தனார் என் காதோடு சொன்னாள்: "அண்ணி, அந்தப் பயிற்சியை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."