கல்லும் உண்டு, நாயும் உண்டு!

ஒகேனக்கல் பரிசலில் ஏறியதுமே ஆபீஸ் நண்பர் ஆரம்பித்துவிட்டார். "2004-ல நியூஸிலாந்துக் கடல்ல நாலு பேர் நீந்தினப்ப சுறா வந்துடுச்சாம். டால்பின்கள் 40 நிமிஷம் சுத்திச் சுத்தி வந்து காப்பாத்திச்சாம் ஸார்!"

பரிசல்காரர் துடுப்பை நிறுத்தாமலே சொன்னார்: "இங்க அந்த மீனெல்லாம் இல்லீங்க. நாங்கதான் காப்பாத்தணும். ஆடாம உக்காருங்க!"

மறுநாள் தருமபுரி அகழ்வைப்பகம். நடுகற்கள். ஊர் மாடுகளை மீட்கப் போய் உயிரை விட்ட வீரர்களுக்கு ஊர் எடுத்த கல்.

"எல்லாம் மனுஷனுக்குத்தானா?" என்றார் நண்பர்.

இல்லை. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பகுதி எடுத்தனூரில் ஒரு கல். ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தான் கருந்தேவக்கத்தி. அவன் நாய் ஓடவில்லை. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது. வீரனோடு நாயையும் செதுக்கி, 'கோவிவன்' என்று அதன் பெயரையும் வெட்டி வைத்தார்கள்.

நியூஸிலாந்து டால்பின்களுக்கு யார் பெயர் வைத்தார்கள்? நம்ம ஊர் நாய்க்கு 1400 வருஷமாகப் பெயர் நிற்கிறது!

பஸ் ஸ்டாண்டில் ஒரு தெருநாய் வாலாட்டியது. நாயைக் கண்டாலே கல்லைத் தேடுகிற நண்பர், பேசாமல் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்.