வாய்க்கு ஒரு பூட்டு!

திண்டுக்கல்காரனுக்குப் பூட்டைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். அலமாரிக்கு, கோயில் கதவுக்கு, கோடவுனுக்கு என்று விதவிதமாகக் கையாலேயே பூட்டு செய்த ஊர். 2019-ல் புவிசார் குறியீடுகூட வாங்கியாச்சு. ஆனால், வாய்க்கு ஒரு பூட்டு மட்டும் இன்னும் யாரும் செய்தபாடில்லை. செய்திருந்தால் முதல் ஆளாக க்யூவில் நின்று வாங்கியிருப்பேன். சொந்த உபயோகத்துக்குத்தான்!

விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். கல்யாணத்தன்றே அப்படித்தான். நானோ ஒல்லி. 'சட்டை நடந்து வருது, உள்ளே ஆள் இருக்கானா பாரு' என்பது என்னைப் பற்றிய ஆபீஸ் ஜோக். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, கர்வம்! ஒல்லி என்றால் ஆரோக்கியம் என்று ஆண்டவனே சர்டிபிகேட் கொடுத்த மாதிரி நினைப்பு.

புதுசாகக் கல்யாணமான சமயம். ரயில்வே ஸ்டேஷனில் கலர் லைட் சுற்றும் எடை மிஷின் ஒன்று நின்றிருந்தது. காசு போட்டால் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். ஆசையாக ஏறி நின்றாள். 74 கிலோ என்று விழுந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஜோசியத்தைப் பாரு... 'பிளாட்பாரத்துக்கு ஆபத்து'ன்னு போட்டிருக்கும்!" என்றேன். பக்கத்தில் நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அட்டையை மட்டும் கைக்குள் கசக்கிக்கொண்டாள்.

அதோடு விட்டேனா? சின்னாளபட்டிக்குச் சுங்குடிச் சேலை எடுக்கப் போனால், "அண்ணே, ரெண்டு சேலையை ஒண்ணாச் சேர்த்துக் குடுங்க!" பிரியாணிக் கடையில், "உனக்கு அரை பிளேட் போதும்ல?" எல்லாம் ஜோக்குதானே சார்!

நம்ம ஆளுங்களே விசித்திரம். புசுபுசுவென்று இருந்த இட்லிக்கு 'குஷ்பு இட்லி' என்று பெயர் வைத்தோம். திருச்சியில் ரசிகர்கள் கோயிலே கட்டினார்கள். ஆனால் பெண் பார்க்கப் போனால் மட்டும், "பொண்ணு ஸ்லிம்மா இருக்கணும்!"

மெள்ள மெள்ள வீட்டில் ஒரு மாற்றம். ராத்திரி, "பசிக்கலீங்க, நீங்க சாப்பிடுங்க." காலையில், "இன்னிக்கு விரதம்." வாரத்துக்கு எத்தனை விரதம் என்று அந்தச் சாமிகளுக்கே கணக்குத் தெரிந்திருக்காது. கல்யாண வீட்டில் போட்டோ எடுத்தால் பின்வரிசையில், யாராவது ஒருத்தர் தோளுக்குப் பின்னால் நிற்பாள். நான் இதையெல்லாம் கவனித்தேனா? அட, 'பரவாயில்லை, கன்ட்ரோலா இருக்கா' என்று சந்தோஷப்பட்டேன்!

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம். அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது.

டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். "வந்ததே வந்தீங்க, நீங்களும் குடுத்துடுங்க சார்" என்றார். சிங்கம் மாதிரி கையை நீட்டினேன்.

ரிசல்ட் வந்தது. அவளுக்கு சர்க்கரை நார்மல். பிரஷர் நார்மல். கொலஸ்ட்ரால் நார்மல். ஹீமோகுளோபின் மட்டும் 8. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். சிங்கத்துக்கு? வெறும் வயிற்றில் சர்க்கரை 186! 126 தொட்டாலே டயபடீஸ் கணக்காம்.

"ஏம்மா, சரியா சாப்பிடறதில்லையா? யார் இப்படிப் பட்டினி கிடக்கச் சொன்னது?"

எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "யாரும் சொல்லல டாக்டர்... நானாத்தான்."

அந்த 'நானாத்தான்' இருக்கே... 186-ஐவிட அதுதான் என்னை ஆட்டிவிட்டது.

அப்புறம்தான் கொஞ்சம் படித்தேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை. எந்த எடை மிஷினும் இதைச் சொல்லாது. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிறோமே பி.எம்.ஐ., அதன் அடிப்படைக் கணக்கைப் போட்ட கெட்லே என்ற பெல்ஜியக்காரர் டாக்டரே இல்லை. கணித நிபுணர். 1830-களில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியவர்.

இன்னொரு வேடிக்கை. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்களையே உதாரணமாக வைத்து எழுதினார்கள். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு? லண்டன்காரருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2! ஒல்லியாகத் தெரியும் இந்தியனுக்குள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்பது தராசுக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரியவில்லையே!

"எடையே முக்கியமில்லைன்னு சொல்லலை. பாக்க வேண்டிய பத்து நம்பர்ல அது ஒண்ணு. மத்த ஒன்பதையும் பாருங்க. நல்லா சாப்பிடறாங்களா, தூங்கறாங்களா, மூச்சு வாங்காம படி ஏறறாங்களா, அதைப் பாருங்க" என்றார் டாக்டரம்மா.

இப்போது ராத்திரி ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் தட்டு. இரும்புச் சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, சுண்டல். அவள் ரத்தம் 12-ஐத் தாண்டிவிட்டது. எடை? தெரியாது. நான் கேட்பதுமில்லை. என் சர்க்கரைதான் இன்னும் என்னோடு மல்லுக்கட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைக்கோட்டை ஏறுகிறோம். போன வாரம் நான் பாதியிலேயே பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அவள் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். அங்கிருந்து திரும்பிப் பார்த்து ஒரு குரல்:

"என்னங்க... மலைக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே?"

இத்தனை வருஷம் கழித்தும் மறக்கவில்லை, பாருங்கள்!

சுடச்சுட ஒரு பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயைப் பூட்டிக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தேன்.