மே மாத மாறுதல்



2017இல் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது பேரனோடு 'லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்' பார்ப்பேன். வெள்ளிக்கிழமை இரவில் வரும். மூன்று பெண்களைப் பெற்ற அப்பாவின் சிரிப்புத் தொடர். அங்கே எந்தத் தொடர் நீடிக்கும், எது நிற்கும் என்று சேனல்கள் மே மாதம் அறிவிக்கும். நிறையப் பேர் பார்த்தும், ஆறு சீசனோடு ஏபிசி நிறுத்திவிட்டது. தயாரித்தது வேறு நிறுவனம். ஆண்டு ஏற ஏறச் சம்பளமும் ஏறும். பேரன் முகம் வாடிவிட்டது. 2018இல் ஃபாக்ஸ் சேனல் அதே வெள்ளிக்கிழமையில் திரும்பக் கொண்டுவந்தது. நடு மகளாக வேறு நடிகை! 2021 வரை ஓடியது.

எனக்கும் ஒரு மே மாதத்தில்தான் மாறுதல் ஆணை வந்தது. பள்ளி விடுமுறை. நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டேன். ஜூனில் என்னைத் தேடினீர்களாமே. மன்னித்துவிடுங்கள், கண்ணுகளா.