துண்டு

ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை போயிருக்கிறீர்களா? போனால், ஏதாவது ஒரு டீக்கடையில் சும்மா கொஞ்ச நேரம் உட்காருங்கள். இங்கிலீஷ் எப்படித் தமிழாகிக் கிடக்கிறது என்று காதில் விழும். தொழிலாளர் குடியிருப்பு ‘லைன்’. வருகைப் பதிவு ‘மஸ்டர்’.

சரி, இங்கிருந்து அங்கே போன சொல்? ‘கங்காணி’ போனது. ‘கூலி’யும் நம்முடையதுதான் என்பார்கள், அதில் அகராதிக்காரர்களின் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. நான் சொல்ல வந்தது மூன்றாவது ஒன்று. ‘துண்டு’.

தோளில் போடுவதல்ல. பட்ஜெட்டில் விழுவதுமல்ல.

அந்தக் காலத்து இலங்கைத் தோட்டத் துரைமார்கள் தங்கள் இங்கிலீஷில் ‘டுண்டு’ என்றே எழுதினார்கள். கங்காணி நம்மூரிலிருந்து ஆட்களைக் கூட்டிப் போவார். வழிச்செலவு, முன்பணம் எல்லாம் ஆள் தலையில் கடனாக ஏறும். கங்காணிக்குத் தோட்டம் மாற வேண்டுமா? ‘இவ்வளவு பணம் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறேன்’ என்று துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். அதுதான் துண்டு. அதை வைத்துக்கொண்டு கங்காணி அடுத்த துரையைத் தேடுவார். அவர் பணத்தைக் கட்டுவார். கடன் மட்டும் தீராது. ஆளோடு கூடவே போகும்.

நான் பி.காம். உண்டியல் பாடத்தில் காகிதம்தான் கைமாறும் என்று படித்தேன். இதிலே காகிதத்தோடு குடும்பமே கைமாறியிருக்கிறது, பாருங்கள்!

1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கும் அதோடு வேலை போய்விட்டது.

1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பி வந்த குடும்பங்களில் சில, வால்பாறை அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கும் வந்தன. அப்படி வந்த ஒரு பெரியவரிடம், “துண்டுன்னா தெரியுமாய்யா?” என்று கேட்டேன்.

“எங்கப்பா சொல்லுவாரு தம்பி. தாத்தா பேருல எவ்வளவு இருந்துச்சுன்னு தாத்தாவுக்கே தெரியாதாம். எழுத்து தெரிஞ்சவரு கங்காணி மட்டுந்தானே?” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க படிச்சவரு. அந்தத் தொகை எங்கயாச்சும் எழுதியிருக்குமா?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை.

டீக்குக் காசு எடுத்தேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். கடைக்காரர் பக்கம் திரும்பி, “ரெண்டு டீ, என் கணக்குல எழுதிக்கப்பா” என்றார்.