டேஞ்சி பாபுவின் வீடு

கல்கத்தாவின் படித்த நடுத்தர வர்க்கத்தார் ஒரு காலத்தில் ‘மேற்கே போகிறோம்’ என்று சொன்னால் அது ஐரோப்பாவைக் குறிக்காது. ஹவுராவிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய ஜார்க்கண்டில் உள்ள மதுப்பூர், கிரிடி, தேவ்கர் முதலிய ஊர்களையே குறிக்கும். 1871இல் மதுப்பூர் வழியாக நேர் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர், மலேரியாவுக்கும் அசீரணத்துக்கும் அஞ்சிய வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் அங்கே ஓய்வு இல்லங்கள் கட்டினர். அவ்வழக்கத்துக்கு ‘ஹாவா பதல்’ என்று பெயர்; காற்று மாற்றம் என்பது பொருள். ஜகதீஷ் சந்திர போஸ் 1937இல் உயிர் நீத்தது கிரிடியில்தான்.

அவ்வூர்ச் சந்தைகளில் கோழியின் விலையையும் காய்கறியின் விலையையும் கேட்டு அவர்கள் ‘டாம் சீப்’ என்று ஆங்கிலத்தில் வியப்பார்களாம். அதைக் கேட்டுக் கேட்டு உள்ளூர் மக்கள் அவர்களுக்கு ‘டேஞ்சி பாபு’ என்று பெயரிட்டதாகச் சொல்வர். சொற்பிறப்புக் கதைகளை ஐயத்தோடு அணுகுவதே முறை. எனினும் இக்கதை நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு: வாங்கியவரின் வியப்பை விற்றவர் பட்டப்பெயராக்கித் திருப்பித் தந்திருக்கிறார்.

மதுப்பூரில் அத்தகைய வீடு ஒன்றைப் புதுப்பிக்க அண்மையில் ஒரு பெண்மணி முற்பட்டார். கொல்கத்தாவில் கல்லூரி ஆசிரியர். வீடு அவருடைய கொள்ளுத்தாத்தா கட்டியது. பூஜை விடுமுறையில் மாதக் கணக்கில் தங்குவதற்கென எழுந்த வீட்டை, வார இறுதியில் இரண்டு நாள் தங்கும் நவீன ஓய்வில்லமாக மாற்றுவது திட்டம். வரைபடத்தில் கூடத்துக்குக் கண்ணாடிச் சுவர் இருந்தது. கிணற்றுக்குப் பதில் ஆழ்துளைக் கிணறு இருந்தது. பின்கட்டு இருந்த இடத்தில் ‘ஸ்டாஃப்’ என்று குறித்த ஒரு சிறு கட்டம் இருந்தது. அப்பின்கட்டில் மூன்று தலைமுறையாக வாழ்வது தோட்டக்காரரின் குடும்பம்.

அளவெடுக்க வந்த நாளில் வீடே சில செய்திகளைச் சொல்லிற்று. முன்பக்க அறைகள் இரண்டின் கூரை சரிந்திருந்தது. பின்பக்க அறைகள் நான்கும் உறுதியாக நின்றன. சுவர்கள் யாவும் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சாந்தால் கட்டப்பட்டவை. அத்தகைய சுவர் ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் வெளியேயும் விடும். பல ஆண்டுகளுக்கு முன் அம்மையாரின் தந்தை, பெருஞ்செலவில், முன்பக்கச் சுவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சு பூசச் செய்திருந்தார். உள்ளே அடைபட்ட ஈரத்தால் சுவரில் உப்புப் பூத்து, சுவருக்குள் செருகிய சால மர உத்தரங்களின் முனைகள் மக்கிப்போயின.

பின்பக்கத்தில் சிமெண்டு எட்டவில்லை. மழைக்காலம் முடிந்ததும் மாடியில் முளைத்த அரசங்கன்றுகள் பிடுங்கப்பட்டிருந்தன. நீர்த்தாரைகளில் சருகு அடைக்கவில்லை. விரிசல்கள் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பப்பட்டிருந்தன.

“இந்த வேலையை எங்கே கற்றீர்கள், மாலிதா?”

“இந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு இடித்தவர் என் தாத்தா, தீதி.”

“சுண்ணாம்புக்குப் பணம்?”

“பாபு அனுப்பியதில் மிச்சம் இருந்தது.”

பாபு இறந்து பத்தாண்டுகள் ஆகின்றன. அதன்பின் சம்பளம் என்று ஒழுங்காக எதுவும் சென்றதில்லை என்பது இருவருக்கும் தெரியும். அம்மையார் மேற்கொண்டு கேட்கவில்லை.

திட்டம் மாறியது. கண்ணாடிச் சுவர் கைவிடப்பட்டது. சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுப்பதும், கிணற்றைத் தூர்வாருவதும், பின்கட்டின் கூரையைச் செப்பனிடுவதும் முதல் வேலைகளாயின. வரைபடத்தில் ‘ஸ்டாஃப்’ என்ற சொல்லை அடித்த அம்மையார், அவ்விடத்தை அவர்கள் எப்படி அழைப்பார்கள் என்று தோட்டக்காரரின் மனைவியைக் கேட்டார். ‘கர்’ என்றார் அவர். வீடு என்று பொருள். பெரிய கட்டடத்துக்கோ அவர்களிடம் ‘பங்களா’ என்ற சொல்தான் இருந்தது. அதை ஒருபோதும் வீடு என்று அவர்கள் அழைத்ததில்லை.

புதிய வரைபடத்தில் ‘கர்’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. வரைபடத்தில் சொல் மாறியதால் உரிமை மாறிவிடாது; பின்கட்டில் வாழும் உரிமையை எழுத்தில் தருவது குறித்து வழக்கறிஞரோடு பேச்சு இன்னும் முடியவில்லை.

அன்றிரவு அம்மையார் பத்தாண்டுச் சம்பள பாக்கியைக் கணக்கிட்டார். கைவிட்ட கண்ணாடிச் சுவரின் மதிப்பீட்டுத் தாளும் அருகில் இருந்தது. இரண்டு தொகைகளையும் ஒப்பிட்டபோது, ஆறு அறை வீட்டைப் பத்தாண்டு காத்ததற்கான தொகையே சிறியதாக இருந்தது. கொள்ளுத்தாத்தா சந்தையில் சொன்ன அதே இரண்டு சொற்கள் தம் நாவின் நுனிவரை வந்துவிட்டதை அவர் உணர்ந்தார்.